வேங்கையன் அசந்த ஞாயிறு

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று சாயங்காலம் வேங்கையன் செத்துப்போனான். கொன்றது விதி, நான் இல்லை. ஆனால் மூன்று பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

எங்கள் ஆட்டத்தைப் பற்றித் தெரியாத யாராவது இந்த வரியைப் படித்தால் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். அதனால் சொல்லிவைக்கிறேன். ஞாயிறு மதியம் ஒண்டிப்புதூரில் என் வீட்டு மாடியில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். நான் கதை சொல்வேன்: காடு, கோட்டை, கொள்ளைக்காரர்கள், பூதம். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அடுத்து என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். ஜெயித்ததா தோற்றதா என்று சந்தேகம் வந்தால் பகடை. ஜெராக்ஸ் கடை மயில்சாமி ஆடுகிற போர்வீரன்தான் வேங்கையன். ரெஜினா டீச்சர் ஒரு திருடி. மருந்து ஏஜென்சி ஃபாரூக் ஒரு மந்திரவாதி. ஏழு கழுதை வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வாரத்தில் மற்ற நாட்களில் என் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை என்பது மட்டும் தெரியும்.

சண்டை தொடங்கும் முன் ஒரு கேள்வி உண்டு. யார் யாரைக் கவனித்தார்கள்? எதிரியைக் கவனிக்காதவன் அசந்தவன். அசந்தவன் முதல் சுற்றில் எதுவும் செய்ய முடியாது, நின்றபடி அடி வாங்க வேண்டியதுதான். கவனித்தானா இல்லையா என்பதற்கும் புத்தகத்தில் பகடைதான் போட்டிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. உயிரோடு இருக்கிற மனிதர்கள் காதை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது பகடை எதற்கு? என் மேசையில் வழக்கம் வேறு. காட்டை வர்ணித்துக்கொண்டே போவேன். நடுவில் ஓர் அடையாளத்தைக் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு முறை சொல்வேன். 'எங்கோ சுள்ளி முறிந்தது' என்பது போல ஒன்று. கேட்டவுடன் கையைத் தூக்குபவன் கவனித்தவன். தூக்காதவன் அசந்தவன். வேறெந்த ஊரிலும் இப்படி ஆடமாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இன்று ஃபாரூக் ஃபோனைச் சார்ஜில் போட வசதியாக மயில்சாமியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மயில்சாமி வந்ததும் ஆரம்பித்தான்.

"எந்திரி ஃபாரூக்கு. அது என்ற எடம்."

"பட்டா வாங்கி வெச்சிருக்கியாக்கும்? அக்கட்ட உக்காருடா" என்றேன் நான்.

அடுத்தது ஃபேன். "அந்த ஃபேன நிறுத்தித் தொலையேன், சத்தம் போடுது" என்றான். சித்திரை வருமுன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாட்டேன் என்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே இவன் இப்படித்தான். சின்னப் பிள்ளை மாதிரி எதற்கெடுத்தாலும் அடம்.

கணவாயில் நுழைந்தார்கள். வேங்கையன் முன்னால் நின்று காவல் பார்ப்பதாக மயில்சாமி சொன்னான். நான் பாறைகளை வர்ணித்துக்கொண்டே வந்து, 'மேலிருந்து கொஞ்சம் மண் சரிந்தது' என்று மெல்லச் சொன்னேன். ரெஜினா கை தூக்கினாள். ஃபாரூக்கும் தூக்கினான். மயில்சாமி தன் தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கொள்ளைக்காரர்கள் அம்பு விட்டார்கள். பகடையும் அவர்கள் பக்கம் நின்றது. வேங்கையன் விழுந்தான்.

"காவல்ல நிக்கறன்னு சொன்னனல்லோ! காவக்காரன் எப்படிடா அசருவான்?"

"முழிச்சிட்டிருக்கறது வேற, கவனிக்கறது வேற" என்றேன், அவன் முகத்துக்கு நேராக.

அவன் வேங்கையனின் தாளை மடித்துப் பையில் வைத்தான். அப்புறம் தன் பகடைகளைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். டீ கூடக் குடிக்கவில்லை.

ரெஜினா கிளம்பும்போது, "ஏனுங்ணா, இன்னொருக்கா சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

"ஒருக்காதான். அதுதான் வழக்கம்" என்றேன். தீர்ப்பு தீர்ப்புதான். இன்றைக்கு ஒருவனுக்காக வளைத்தால் நாளைக்கு எல்லோருக்கும் வளைக்க வேண்டும்.

ஏப்ரல் 8, திங்கள்

மயில்சாமிக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மிச்சமிருந்த டம்ளர்களைக் கழுவினேன். அவன் டீயில் ஆடை படிந்து காய்ந்திருந்தது.

ஏப்ரல் 10, புதன்

மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. 'மெசேஜ் போடு' என்று ஒரு வரி வந்தது. பேசக்கூடப் பிடிக்கவில்லை போல. நானும் போடவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

சமையலை முடித்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அசருவதைப் பற்றி இருப்பது அரைப் பக்கம்தான். அதற்குப் பொருள் சொல்லி உலகம் முழுக்க இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்சி சொல்கிறது: ஆபத்து இருக்கும் என்று எதிர்பார்த்து நிற்பவனை அசந்தவன் என்று சொல்ல முடியாது. இன்னொரு கட்சி சொல்கிறது: எதிர்பார்ப்பது மனதில் நடப்பது, கவனிப்பது கண்ணிலும் காதிலும் நடப்பது, குறிப்பாக ஒரு எதிரியைக் கண்டோ கேட்டோ இருந்தால்தான் தப்பித்தான். ஒளிந்திருக்கும் பத்து பேரில் ஒருவனைக் கவனித்தால் போதும், அசர மாட்டான் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். நான் இரண்டாம் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்பவன் இல்லை நான். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூன்று என்கிறேன்.

தீர்ப்பை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. படித்துக்காட்டத்தான் ஆள் இல்லை. ரெஜினாவை ஃபோனில் கூப்பிட்டுப் படித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் செரிதானுங்ணா. நீங்க மெல்லப் பேசற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமாப் பேசுனா என்னாகுமுங்க?"

"அப்புறம் அது அடையாளமா டீச்சர்? தண்டோரா."

"எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளை இருக்குதுங்ணா. எப்பப் பார்த்தாலும் மொத பெஞ்சுதான் வேணும்னு சண்டை புடிக்கும்."

பேச்சை எங்கே கொண்டுபோகிறாள் பாருங்கள். டீச்சர்களுக்கு எது சொன்னாலும் கடைசியில் கிளாஸ் கதைதான். "சரிங்க டீச்சர், வெச்சுடறேன்" என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பம்ப்செட் கம்பெனியில் இன்று நூறு மோட்டார் சோதனை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் உள்ளே பேரிங் ஒழுங்காக ஓடுகிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். மெஷின் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். இந்தக் காதை நம்பித்தான் என் பிழைப்பு.

வரும் வழியில் மயில்சாமி கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். சமாதானத்துக்கு இல்லை, சும்மா. கடையில் புதுப் பந்தா. 'எத்தனை காப்பி என்று சீட்டில் எழுதித் தரவும்' என்று போர்டு. தாலுகா ஆபீஸ் என்று நினைப்பு! ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே சுவரில் பைக்கின் கண்ணாடி ஒன்றை வேறு மாட்டியிருக்கிறான். ஐம்பதை நெருங்குகிற வயதில் தலை சீவ ஆசை.

தெருவுக்கு முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருந்தான். ரோட்டில் நின்று "மயிலூ" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இவன் மட்டும் திரும்பவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவமானமாக இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு அம்புக்குத் தாங்கவில்லை என்றால் போகட்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. ரெஜினாவுக்கு உறவுக்காரர் வீட்டில் ஞானஸ்நானம். ஃபாரூக்குக்குக் கல்யாண ரிசப்ஷன். மயில்சாமியிடமிருந்து ஒன்றுமில்லை. இருந்தாலும் மேசையைத் துடைத்து, வரைபடத்தை விரித்து, நான்கு நாற்காலியையும் போட்டேன். யாராவது மனசு மாறி வந்தால் அலங்கோலமாக இருக்கக் கூடாது.

வரவில்லை.

மூன்று பேருக்கும் சேர்த்து என் பகடையை நானே உருட்டிப் பார்த்தேன். காட்டை வர்ணித்தேன், வாய்விட்டுத்தான். நடுவில் குரலைத் தாழ்த்தி அடையாளத்தைச் சொன்னேன். சொன்னவனும் நான், கேட்டவனும் நான். தன்னைத் தானே அசர வைக்க ஒருவனாலும் முடியாது என்று அப்போது தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு நிறுத்தியதும் வீடு இன்னும் காலியாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா மாம்பழப் பச்சடி கொடுத்துவிட்டுப் போனார். "ஆருமே வரலீங்களா இன்னைக்கு? எப்பவும் சத்தமா இருக்குமேங்க" என்றார். ஆளுக்கொரு வேலை என்றேன். தனியாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

கம்பெனியில் இந்த வாரம் புது உத்தரவு. சோதனைக் கூடத்தில் எல்லோரும் காதில் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும். என் வேலையே காதுதான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் எல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது.

திடீரென்று தோளில் ஒரு கை. தூக்கிவாரிப் போட்டது. ஸ்க்ரூ டிரைவர் கைநழுவிப் பறந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது. பின்னால் ஸ்டோர்ஸ் பழனியம்மாள் நின்றிருந்தார். பஞ்சை எடுத்தேன்.

"ஏனுங்க, அப்பப் புடிச்சுக் கூப்படறனுங்க. திரும்பவே இல்லீங்களே. என்ற மேல கோவமுங்களா?"

இல்லைங்க, கேட்கவில்லை என்றேன்.

அவர் போன பிறகு நான் சாப்பிடப் போகவில்லை. கோவமுங்களா என்று அவர் கேட்டது மண்டைக்குள் நின்றுகொண்டே இருந்தது. மயில்சாமியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்தால் வலது காது என் பக்கம் இருக்கும். அன்றைக்கு நான் உட்கார வைத்த இடத்தில் இடது காது. ஃபேன். ஃபோனை எடுக்காதது. சீட்டில் எழுதித் தரவும். ஜெராக்ஸ் கடை போடுவதற்கு முன்னால் சோமனூரில் விசைத்தறிக் குடோனில் அவன் தறி ஓட்டிய வருஷங்கள். அங்கே ஒருதரம் அவனைப் பார்க்கப் போய், அந்தச் சத்தத்தில் ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் வெளியே ஓடி வந்தவன் நான்.

ரெஜினா சொன்ன முதல் பெஞ்சுப் பிள்ளை.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் சங்கு ஊதுகிற பழமொழி ஒன்று எழுதியிருக்கிறேன். அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

ஏப்ரல் 20, சனி

அரை நாள் லீவு போட்டுக் கடைக்குப் போனேன். முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தான். கூப்பிடப் போனேன், வாயை மூடிக்கொண்டேன். பின்னால் போய்த் தோளைத் தொடலாமா என்று நினைத்தேன். வியாழக்கிழமை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஞாபகம் வந்தது. சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. சுற்றிக்கொண்டு போய் அதன் வழியாக நுழைந்து, அவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி நின்றேன்.

அவன் தலையைத் தூக்கவே இல்லை. "என்றா, சந்துல சுத்திட்டு வர்றே? ரோட்டுல நின்னப்பவே பாத்துட்டேன்" என்றான். சுவரில் இருந்த பைக் கண்ணாடியைத் தாடையால் காட்டினான்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். ரோடு முழுவதும் அதில் தெரிந்தது. பேக்கரி தெரிந்தது. என் வண்டியும் தெரிந்தது.

"அப்ப... அன்னைக்கு?"

"அன்னைக்கும் பாத்தேன். வாய வாய அசைச்சே. என்ன சொல்றேன்னு தெரியல, ஆனா மூஞ்சி கடுகடுன்னு இருந்துது. திரும்பலாம்னு இருந்தேன். போடா மயிருன்னு உட்டுட்டேன்." சிரித்தான். பிறகு, "இடது பக்கம் சுத்தமாப் போச்சு. வலதுல பாதி இருக்குது. காதுக்கு மிசின் வெக்கச் சொல்றாங்க, பாக்கலாம்" என்றான். மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான்.

நான் வலது பக்கமாக நகர்ந்து நின்றேன். அதை அவன் கவனித்தான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? எனக்குன்னு சத்தமாச் சொல்லுவே. மத்தவங்களுக்கு ஒரு ஆட்டம், செவிட்டுப் பயலுக்கு ஒரு ஆட்டம். அப்புறம் நா கையத் தூக்குனா அது நா தூக்குனதா?" மெஷினுக்குள் ஒரு தாளை வைத்து மூடினான். "எனக்கும் ஞாயித்துக்கெழம ஒன்னுதான்டா இருக்குது."

வேங்கையன் சாகவில்லை, தீர்ப்பை மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் எந்தத் தீர்ப்பையும் நான் மாற்றியதில்லை.

"செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்" என்றான். "உன்ற தீர்ப்பு ஒன்னுந் தப்பில்ல. காதுல உழலீன்னா அசந்தவன்தான். அந்த வழக்கம்தான் கோணலு."

நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். ஒரு கிழவர் ஆதார் கார்டும் சீட்டுமாக வந்து நின்றார். மயில்சாமி சீட்டை வாங்கிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டான். கேட்டதா, கேட்கவில்லையா, கேட்டும் பதில் சொல்லவில்லையா, தெரியவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மதியம் மேசையைப் போட்டேன். நாற்காலிகளைப் பழைய மாதிரி வைத்தேன். சார்ஜர் வயரை இழுத்து எதிர்ப் பக்கம் கொண்டுபோனேன். ஃபேனை நிறுத்தினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ரெஜினாவும் ஃபாரூக்கும் வந்துவிட்டார்கள். மயில்சாமியைக் காணோம். அவன் வந்து பெல் அடிக்கும்போதெல்லாம் 'தொறந்துதான்டா இருக்குது' என்று மாடியிலிருந்தே கத்துவேன். அவன் மறுபடி அடிப்பான், எனக்கு எரிச்சலாக வரும். இன்று இறங்கிப் போய் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். வர மாட்டான் என்று முடிவு செய்த பிறகும் நின்றேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் வண்டி முனையில் திரும்பியது.

மேலே வந்ததும் ஒரு புதுத் தாளை எடுத்து ரெஜினாவிடம் நீட்டினான். "படி டீச்சர், எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி."

அவள் படித்தாள். "பேர் மாகாளி. கோட்டைக் காவக்காரன். பலம் பதினாலு. இடது காது கேக்காது. வலது காது பாதி." கடைசி வரியில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் நிமிர்ந்து மறுபடி உரக்கப் படித்தாள்.

ஃபாரூக் தாளைப் பார்த்தான், நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். "அதானாண்ணா?" என்றான். சமையலறைக்குப் போய் ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தான்.

"காவக்காரனுக்குக் காது கேக்கலீன்னா எப்பவுமே அசந்தவன்தானா? தீர்ப்பு சொல்லுங்க சாமி" என்றான் மயில்சாமி என்னிடம்.

"ஆடிப் பாப்போம்" என்றேன்.

பாழடைந்த கோயில் மண்டபம். நான் தூண்களை வர்ணித்தேன், வௌவால் நாற்றத்தை வர்ணித்தேன். ரெஜினாவும் ஃபாரூக்கும் காதைத் தீட்டிக்கொண்டு, நான் எங்கே குரலைத் தாழ்த்துவேன் என்று காத்திருந்தார்கள். நான் தாழ்த்தவில்லை. பேச்சை நிறுத்தாமலேயே ஒரு புளியங்கொட்டையை எடுத்து வரைபடத்தில் மூன்றாவது தூணின் ஓரத்தில் வைத்தேன்.

மயில்சாமி கையைத் தூக்கினான்.

மற்ற இருவரும் அசந்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் முதல் சுற்றிலேயே மந்திரவாதியைப் புரட்டி எடுத்துவிட்டார்கள். ஃபாரூக் காலண்டர் அட்டையால் மேசையை அடித்தான். "இது அநியாயம்ணா! நான் உஷாராத்தான் இருந்தேன்! ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்!"

மயில்சாமி அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். "முழிச்சிட்டிருக்கறது வேற, கவனிக்கறது வேற தம்பி" என்றான். என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டு பகடைகளைப் பொறுக்கினேன். மாகாளி மூன்று பேரை வெட்டிச் சாய்த்தான்.

இன்று டீயைக் குடித்துவிட்டுத்தான் போனான். வழியனுப்ப கேட் வரை போனேன். அவன் முதுகு தெரு முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. 'அடுத்த வாரம் வந்துருடா' என்று கத்த வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். கையைத் தூக்கினேன்.

வண்டியின் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவனும் கையைத் தூக்கினான்.